மேபன்: இலையுதிர்கால அறுவடை விழா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேபன் என்பது என்ன விழா?

கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய இயற்கை வழிபாட்டைப் புதுப்பிக்கும் இன்றைய பேகன் மரபுகளில் பலவும் ஆண்டை எட்டு விழாக்களாகப் பிரித்துக் கொண்டாடுகின்றன. இதை ஆண்டுச் சக்கரம் என்பார்கள். அந்த எட்டில் மூன்று அறுவடைக்கு உரியவை. ஆகஸ்ட் 1-ல் வரும் லூனசா தானிய அறுவடை. லாமஸ் என்ற அதன் இன்னொரு பெயர், 'ரொட்டிப் பூசை' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. செப்டம்பரில் இரவும் பகலும் சமமாகும் நாளையொட்டி வருவது மேபன். ஆப்பிள், திராட்சை, பூசணி, கொட்டைகள் வீடு வந்து சேரும் காலம். அக்டோபர் 31 மாலையில் தொடங்கும் 'சாவின்' என்ற விழா கடைசி அறுவடை. குளிர்காலத்துக்குத் தீவனம் போதாத கால்நடைகளை வெட்டி, இறைச்சியைச் சேமித்த பருவம் அது; இறந்தவர்களை நினைக்கும் இரவும் அதுவே.

ஆக, மேபன் நடு அறுவடை. கொல்லையில் இன்னும் பாதி நிற்கும், களஞ்சியத்தில் பாதி நிறைந்திருக்கும். நன்றி சொல்வதும் கணக்குப் பார்ப்பதும் சேர்ந்து வரும் நாள்.

இது பல்லாயிரம் ஆண்டுப் பழைய விழாவா?

இல்லை. அதைச் சொல்லத் தயங்க வேண்டியதும் இல்லை. எட்டு விழாக்களையும் ஒரே சக்கரத்தில் கோத்தது 1950-களின் பிரிட்டனில் நடந்தது. விக்கா என்ற பேகன் மரபைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னர், பின்னர் 1964-ல் ட்ரூயிட் (பழங்கால கெல்டியப் பூசாரிகள்) வழி அமைப்பு ஒன்றைத் தொடங்கிய ராஸ் நிக்கல்ஸ் ஆகிய இருவரின் வட்டாரங்களிலிருந்து அது பரவியது. 'மேபன்' என்ற பெயர் அதைவிட இளையது. 1970-களில் அமெரிக்காவின் எய்டன் கெல்லி தான் தொகுத்த பேகன் நாட்காட்டிக்காக அதைத் தேர்ந்தெடுத்தார்.

பெயருக்கு உரியவன் மட்டும் பழையவன். மத்தியகால வேல்ஸ் கதை ஒன்றில் வரும் மேபன், மோட்ரன் என்ற தாயின் மகன். பிறந்த மூன்றாம் இரவில் தாயின் பக்கத்திலிருந்து களவு போகிறான். அவனைத் தேடிப் போகிறவர்கள் கரும்பறவை, கலைமான், ஆந்தை, கழுகு என்று ஒன்றைவிட ஒன்று வயதில் மூத்த விலங்குகளிடம் கேட்டுக்கொண்டே போகிறார்கள். எல்லாவற்றிலும் மூத்ததான சால்மன் மீன்தான், க்ளாஸ்டர் கோட்டைச் சுவருக்குள்ளிருந்து கேட்ட அழுகுரலைப் பற்றிச் சொல்கிறது. இந்தக் கதையில் அறுவடையும் இல்லை, சமஇரவு நாளும் இல்லை. மண்ணுக்கடியில் போகும் மகள், தேடும் தாய் என்ற கிரேக்கத்து பெர்செபொனி கதையோடு ஒத்துப்போவதைப் பார்த்துத்தான் கெல்லி இந்தப் பெயரை எடுத்தார்.

விழாவின் உள்ளே இருக்கும் வழக்கங்கள் பெயரைவிட வயதானவை. கடைசிக் கதிர்க்கட்டை அறுப்பது, அதைப் பொம்மையாகப் பின்னுவது, அறுவடை முடிந்து ஊரே சேர்ந்து உண்பது எல்லாம் பிரிட்டிஷ் கிராமங்களில் உண்மையாகவே இருந்தவை. கார்ன்வாலில் கடைசிப் பிடியை உயர்த்திப் பிடித்து "கிடைத்தது!" என்று மூன்று முறை கூவுவார்கள், சுற்றி நிற்பவர்கள் "என்ன கிடைத்தது?" என்று கேட்பார்கள், "கழுத்து!" என்று பதில் வரும். கழுத்து என்றால் அந்தக் கடைசிக் கதிர்ப்பிடி. அங்கே இன்றும் இது நடக்கிறது.

எந்த நாளில் கொண்டாடுவது?

சமஇரவு ஒரு கணம். முழு நாள் நீடிப்பதில்லை. 2026-ல் அது உலகப் பொது நேரப்படி செப்டம்பர் 23, 00:05 மணி. லண்டனில் அப்போது கோடைக்கால நேரப்படி 23-ஆம் தேதி அதிகாலை 1:05. நியூயார்க்கில் 22-ஆம் தேதி இரவு 8:05. ஒரே நிகழ்வுக்கு இரண்டு ஊர்களில் இரண்டு தேதி. இணையத்தில் பார்த்த தேதியை அப்படியே எடுத்துக்கொண்டு குழம்புவது இதனால்தான். உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

நடைமுறையில் பெரும்பாலான குழுக்கள் பக்கத்து சனி, ஞாயிறில் வைத்துக்கொள்கின்றன. அதில் குறையில்லை. அறுவடைக்காலத்து ஊர் விருந்துகளும் வேலை முடிந்த நாளில்தான் நடந்தன.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்காவில் இலையுதிர்காலம் மார்ச்சில். அங்குள்ளவர்கள் மேபனை மார்ச் 20–21-ஐ ஒட்டியும் லாமஸைப் பிப்ரவரித் தொடக்கத்திலும் கொண்டாடுவதே பொருத்தம். வடக்கத்திய புத்தகத்தைப் பார்த்து செப்டம்பரில் செய்தால், வெளியே வசந்தம் பூத்துக் கிடக்கும்போது வீட்டுக்குள் அறுவடைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

அன்று இரவும் பகலும் உண்மையிலேயே சமமா?

சற்றுப் பகல் கூடுதல். லண்டனில் அன்றைய பகல் ஏறத்தாழ 12 மணி 10 நிமிடம். சூரியனின் மேல்விளிம்பு தெரிந்ததுமே உதயம் என்று கணக்கிடுகிறோம். விளிம்பு மறையும்வரை அஸ்தமனம் இல்லை. அதோடு காற்றுமண்டலம் ஒளியை வளைத்து, தொடுவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனையும் மேலே தூக்கிக் காட்டுகிறது. சரிசமமான நாள் இரண்டு மூன்று நாள் கழித்து வரும். அந்த நாளைத் தேர்ந்தெடுக்கிறவர்களும் உண்டு.

அறுவடை நிலா என்பதும் மேபனும் ஒன்றா?

வேறு. சமஇரவுக்கு மிக அருகில் வரும் பௌர்ணமிதான் அறுவடை நிலா. 2026-ல் அது செப்டம்பர் 26. வழக்கமாக நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து எழும். இந்தப் பருவத்தில் வட நாடுகளில் அந்தத் தாமதம் மிகவும் சுருங்கிவிடும். அடுத்தடுத்த பல மாலைகளில் சூரியன் மறைந்த கையோடு நிலா வந்துவிடும். விளக்கில்லாத காலத்தில் இரவிலும் கதிரறுக்க அது உதவியது.

பேகன்கள் எல்லோருமே மேபன் கொண்டாடுகிறார்களா?

இல்லை. ட்ரூயிட்கள் இதே நாளை 'ஆல்பன் எல்வெட்' என்பார்கள். லண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் வெள்ளை அங்கியோடு அவர்கள் கூடுவதை யாரும் நின்று பார்க்கலாம்; 1792-ல் வேல்ஸ் கவிஞர் யோலோ மோர்கானுக் தன் முதல் கவிஞர் அவையைக் கூட்டிய அதே குன்று. ஹீதன்கள் என்ற வடதேச மரபினர் பலர் சமஇரவைத் தொடுவதே இல்லை; அக்டோபர் நடுவில் 'குளிர்கால இரவுகள்' என்ற விழாவை வைத்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் போய் மேபன் வாழ்த்துச் சொன்னால் புன்னகையோடு திருத்துவார்கள்.

பீடத்தில் என்ன வைப்பது?

உங்கள் ஊரில் அந்த வாரம் உண்மையில் விளைந்தது. இதைத்தான் முதலும் கடைசியுமாகச் சொல்வோம். கடையில் விற்கும் பிளாஸ்டிக் மேப்பிள் இலை மாலையும் வாசனை தடவிய பைன் காய்களும் வேண்டாம். ஒரு ஆப்பிள், ஒரு பிடி கதிர், ஒரு துண்டு ரொட்டி, ஒரு மெழுகுவர்த்தி போதும்.

ஆப்பிளைக் காம்பிலிருந்து நெடுக்காக வெட்டாமல் நடுவில் குறுக்காக வெட்டுங்கள். விதை அறைகள் ஐந்தும் ஐந்துமுனை விண்மீனாகத் தெரியும். பேகன்களுக்கு அந்த ஐந்துமுனை புனித வடிவம். வெட்டியதும் பழுப்பாகிவிடும், அதனால் சடங்கின் நடுவிலேயே வெட்டுங்கள். முன்கூட்டியே வெட்ட வேண்டுமானால் எலுமிச்சைச் சாறு தடவுங்கள்.

வேலியோரம் பறித்து வருபவற்றில் கவனம் தேவை. யூ மரத்தின் சிவப்புக் காய்களும், காட்டில் குத்துக்குத்தாய் நிற்கும் 'லார்ட்ஸ் அண்ட் லேடீஸ்' செடியின் செம்மணிக் கொத்துகளும் நஞ்சு. குதிரைச் செஸ்நட் அழகாகப் பளபளக்கும், ஆனால் தின்னக்கூடாது. எல்டர்பெர்ரியைச் சமைக்காமல் சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பீடத்தில் இருப்பது எல்லாமே தின்னக்கூடியதாக இருக்கட்டும்.

சடங்கை எந்த வரிசையில் நடத்துவது?

பன்னிரண்டு பேருக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். விக்கா சாயல் கொண்ட திறந்த குழுக்களில் வழக்கமான வரிசை இது.

எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் சூரியன் போகும் திசையில், அதாவது வலஞ்சுழியாக, ஒரு சுற்று நடந்து வட்டத்தை வகுப்பார். அடுத்து திசைகளை அழைப்பார்கள்: கிழக்கில் காற்று, தெற்கில் நெருப்பு, மேற்கில் நீர், வடக்கில் நிலம். தென் அரைக்கோளத்தில் சூரியன் வடக்கு வழியாகப் போவதால் பலர் இடஞ்சுழியாக நடந்து, நெருப்பை வடக்கில் அழைக்கிறார்கள். பிறகு தெய்வங்களையோ நிலத்தையோ முன்னோரையோ விளித்து இரண்டு மூன்று வரி. அதற்குப் பின்தான் நாளின் உயிர்: ஒவ்வொருவரும் இந்த ஆண்டு விளைந்தது ஒன்று, முடிந்துபோனது ஒன்று என்று சொல்வது. பேசுபவர் கையில் ஆப்பிளோ கதிரோ இருக்கும். சொல்லி முடித்ததும் அடுத்தவருக்குக் கொடுப்பார்.

பின் ரொட்டி சுற்றி வரும். கொடுப்பவர் "பசியறியாது இருங்கள்" என்ற பொருளில் சொல்வார். கிண்ணம் வரும்போது "தாகமறியாது இருங்கள்". முதல் துண்டும் முதல் சொட்டும் நிலத்துக்கு. கடைசியில் திசைகளுக்கு நன்றி சொல்லி, வட்டத்தைத் திறந்து, விருந்து.

சடங்கு கெட்டுப்போகும் இடங்கள் எப்போதும் ஒரே மாதிரிதான். பேச்சுச் சுற்றில் இருபது பேர் ஆளுக்கு மூன்று நிமிடம் எடுத்தால் ஒரு மணி நேரம் போய்விடும். 'ஒரு சொற்றொடர் மட்டும்' என்று தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். பிரிட்டனில் அன்று ஏழு மணியளவில் சூரியன் மறைந்துவிடும். ஏழரைக்குத் தாளைப் பார்த்துப் படிக்க முடியாது. திசைக்கு இரண்டு வரி மனப்பாடமாக இருந்தால் விளக்கே வேண்டாம். மெழுகுவர்த்தி திறந்த வெளியில் நிற்காது, கண்ணாடிக் கூண்டு வேண்டும். பொதுப் பூங்காவில் தீ மூட்ட அனுமதி தேவை, கேட்காமல் மூட்டாதீர்கள்.

கதிர்க்கட்டு வடிவ ரொட்டி எப்படிச் செய்வது?

இங்கிலாந்து தேவாலயங்களில் அறுவடை நன்றி நாளில் வைக்கும் பெரிய ரொட்டியும் இதுவே. அந்தத் தேவாலய விழா இன்றைய வடிவத்தில் பரவக் காரணம், 1843-ல் கார்ன்வாலின் மார்வென்ஸ்டோ ஊரில் ராபர்ட் ஹாக்கர் என்ற பாதிரியார் நடத்திய வழிபாடு. பேகன்களும் கிறிஸ்தவர்களும் ஒரே ரொட்டியைச் சுடுவதில் முரண் ஏதுமில்லை.

ரொட்டிக்கான வலுவான வெள்ளை மாவு 500 கிராம், உப்பு 10 கிராம், உடனடி ஈஸ்ட் 5 கிராம், வெதுவெதுப்பான நீர் 280 மி.லி. சாதாரண ரொட்டி மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். பத்து நிமிடம் பிசைந்து, மூடி, ஒரு மணி நேரம் விடுங்கள்.

250 கிராம் மாவை அரை செ.மீ. கனத்துக்குத் தேய்த்து, சாவித்துவாரம் போன்ற வடிவில் வெட்டி, ஓவன் தட்டில் வையுங்கள்: மேலே வட்டத் தலை, கீழே அகன்ற காம்பு, மொத்த உயரம் 30 செ.மீ.க்கு மேல் போகாமல். முள்கரண்டியால் முழுவதும் குத்துங்கள். குத்தாவிட்டால் அடியில் காற்றுக்குமிழி எழும்பி, மேலே ஒட்டியதையெல்லாம் கிளப்பிவிடும். மேற்பரப்பில் தண்ணீர் தடவுங்கள்.

200 கிராமைப் பென்சில் கனத்தில் இருபது கயிறுகளாக உருட்டி, காம்பின்மேல் நெடுக அடுக்குங்கள்; இவை தாள்கள். 40 கிராமை மூன்று கயிறாக்கிச் சடை பின்னி, கட்டுக்குக் குறுக்கே வைத்து, நுனிகளை அடியில் செருகுங்கள். மிச்சத்தில் ஐந்து கிராம் உருண்டைகள் ஐம்பது. ஒவ்வொன்றையும் நிலக்கடலைக் காய் போல நீட்டி, கூரான கத்தரிக்கோலைச் சாய்த்துப் பிடித்து, நடுவிலும் இரு ஓரத்திலும் சிறு சிறு வெட்டு கொடுங்கள். மாவு எழும்பிக் கதிர்மணிபோல நிற்கும். வட்டத் தலையின் வெளி விளிம்பில் தொடங்கி, ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி உள்நோக்கி வாருங்கள். மாவு மிஞ்சினால் ஒரு சுண்டெலி செய்து தாள்மேல் ஏறவிடுங்கள். அது இல்லாமல் கதிர்க்கட்டு நிறைவுபெறாது என்பது அங்கே பழைய வழக்கம்.

ஒரு முட்டையைச் சிட்டிகை உப்போடு அடித்துப் பூசி, உடனே 220 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம். வெளியே எடுத்து மறுபடி முட்டை பூசி, 170 டிகிரியில் இன்னும் 25–30 நிமிடம். வடிவம் மங்கி, எல்லாம் ஒன்றாக ஊதிப்போயிருந்தால் காரணம் ஒன்றே: வடிவமைத்தபின் அதிக நேரம் எழும்ப விட்டுவிட்டீர்கள். கை மெதுவாக ஓடுமானால் மிச்ச மாவைக் குளிர்பெட்டியில் வைத்து வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். இந்த ரொட்டி கடினமாக, வறண்டு இருக்கும். பீடத்துக்கு இதையும், சுற்றிக் கொடுக்க மென்மையான வேறொரு ரொட்டியையும் செய்வதே நல்லது.

கதிர்ப் பொம்மை செய்யக் கோதுமைத் தாள் எங்கே கிடைக்கும், எப்படிப் பின்னுவது?

சந்தையில் கிடைக்கும் வைக்கோல் கட்டு பயன்படாது. அறுவடை இயந்திரத்தில் நசுங்கி உடைந்திருக்கும். இன்றைய கோதுமை வகைகள் குட்டையானவை, தாளும் விறைப்பு. நீளமான, உள்ளே கூடான தாள் வேண்டும். பிரிட்டனில் கூரை வேய்வதற்கென்றே 'மாரிஸ் விஜன்' போன்ற வகைகளை இன்னும் பயிரிடுகிறார்கள். கூரை வேய்பவரிடமோ கைவினைப் பொருள் விற்பவரிடமோ கேளுங்கள். பூக்கடையில் கிடைக்கும் சாயமேற்றிய கதிர் பின்னும்போது பெரும்பாலும் முறிந்துவிடும்.

கதிருக்குக் கீழே முதல் கணுவரை உள்ள பகுதி மட்டுமே உதவும். கணுவுக்குச் சற்று மேலே வெட்டி, மேலே சுற்றியிருக்கும் காய்ந்த தோகையை உருவிவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம், மிதக்காமல் மேலே கனம் வைத்து ஊறவைத்து, பின் ஈரத்துண்டில் கால் மணி நேரம் சுற்றி வையுங்கள். கதிர்கள் நீருக்கு வெளியே இருந்தால் நிறம் கறுக்காது. தாளை விரலால் அழுத்திப் பாருங்கள்: 'சடக்' என்று பிளந்தால் இன்னும் ஊற வேண்டும், ஓசையில்லாமல் தட்டையானால் பதம். ஊறியதை மறுநாளுக்கு வைக்காதீர்கள், பூசணம் பிடிக்கும்.

முதல் முயற்சிக்கு மூன்று தாள் போதும். கதிர்களுக்குச் சற்றுக் கீழே மூன்றையும் சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டுங்கள். அங்கிருந்து மூன்று கால் சடைபோல 20 செ.மீ. பின்னுங்கள். மடிக்கும் ஒவ்வொரு முறையும் தாளைக் கட்டைவிரலால் தட்டையாக்கிவிட்டு மடித்தால் ஓரம் கூராக வரும். நுனியைக் கட்டி, சடையை வளையமாக வளைத்து, நுனி கதிர்களின் அடியில் குறுக்கே வரும்படி சேர்த்துக் கட்டி, மேலே சிவப்பு நாடா. காதலன் காதலிக்குப் பின்னிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் 'நாட்டுப்புறத்தான் பரிசு' இதுதான்.

தாள் உலரும்போது சுருங்கும், கட்டுத் தளரும். இரண்டு நாள் காற்றாட வைத்தபின் நூலை மறுபடி இறுக்கி, அதற்குப் பின் நாடா கட்டுங்கள். தானிய வண்டு வராமலிருக்க ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்தெடுக்கலாம்.

படைத்ததை எங்கே விடுவது?

சொந்தத் தோட்டம் இருந்தால் அங்கே, அல்லது உரக்குழியில். ஆப்பிளும் ரொட்டித் துண்டும் மண்ணோடு மண்ணாகும். திராட்சையை நாய் நடமாடும் இடத்தில் விடாதீர்கள். நாய்களுக்கு அது நஞ்சு. உப்பைச் செடியடியில் கொட்டாதீர்கள். மது ஒரு வாய் அளவு போதும்.

தொல்லிடங்களில் எதையும் விட்டு வராதீர்கள். மேற்கு கென்னட் போன்ற கல்லறைகளுக்குள் ஏற்றும் சிறு மெழுகுவர்த்திகள்கூடக் கல்லைக் கரியாக்கி வெடிக்க வைக்கும். ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற கல் அது. மரக்கிளையில் கட்டும் நைலான் நாடா மக்காது, கிளை பருக்கும்போது அதை இறுக்கி நெரிக்கும். கட்டியே ஆக வேண்டுமானால் பருத்தித் துணி, தளர்வாக.

ஸ்டோன்ஹெஞ்சுக்குப் போகலாமா?

போகலாம். ஆண்டில் நான்கு முறை, பகல் மிக நீளும், மிகக் குறுகும் கதிர்த்திருப்ப நாள்கள் இரண்டிலும் சமஇரவு நாள்கள் இரண்டிலும், கற்களுக்கு நடுவே கட்டணமின்றி விடுகிறார்கள். இலையுதிர்கால சமஇரவில் அது விடியலை ஒட்டிய குறுகிய நேரம். மதுவுக்கும் தீக்கும் அனுமதி இல்லை, கல்மேல் ஏறக்கூடாது. பனியில் புல் நனைந்திருக்கும், காலணி முக்கியம்.

நண்பர் வீட்டுச் சடங்குக்கு அழைத்திருக்கிறார்கள். நான் பேகன் இல்லை. எப்படி நடந்துகொள்வது?

சாப்பிடக்கூடிய ஒன்றை எடுத்துப் போங்கள். நீங்களே சமைத்தது என்றால் மதிப்பு அதிகம். அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி. கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தம் நம்பிக்கையை அலுவலகத்திலும் உறவினரிடமும் சொல்லாதவர்கள் அந்த வட்டத்தில் இருக்கலாம். பீடத்துப் பொருள்களைத் தொடாதீர்கள். வட்டம் வகுத்தபின் அவசரமாக வெளியேற வேண்டுமானால் நடத்துபவரிடம் சைகை செய்யுங்கள், அவர் வழி திறந்துவிடுவார். கிண்ணம் சுற்றி வரும்போது குடிக்க விருப்பமில்லையென்றால் உயர்த்தி வணங்கி அடுத்தவருக்குக் கொடுத்தால் போதும். உங்களுக்கு நம்பிக்கையில்லாத தெய்வத்தின் பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்தக்கூடாது.

அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். நிலமும் இல்லை, விளைச்சலும் இல்லை. என்ன அறுவடை?

ஜன்னலோரத் தொட்டியில் ஒரு துளசி இருந்தாலும் அதில் விதை முற்றியிருக்கும். உருவி உலர்த்தி உறையில் போட்டு வையுங்கள். அதுவும் இல்லையா, உழவர் சந்தைக்குப் போய் அந்த வாரம் வந்த ஒரே ஒரு விளைபொருளை வாங்குங்கள். விற்பவரிடம் எந்த ஊரில் விளைந்தது, இந்த ஆண்டு மழை எப்படி என்று கேளுங்கள். வீட்டில் மேசைமேல் அந்தப் பழத்தை வைத்து, விளக்கேற்றி, அது உங்களிடம் வந்து சேர்ந்த கைகளை ஒவ்வொன்றாக நினைத்துவிட்டு உண்ணுங்கள். பத்து நிமிடம் ஆகும்.

பல குழுக்கள் அன்று ஆளுக்கு ஒரு பை உணவுப்பொருள் கொண்டுவந்து பீடத்தடியில் வைத்து, மறுநாள் உள்ளூர் உணவு வங்கிக்குக் கொடுக்கின்றன. தனியாக இருப்பவரும் செய்யலாம். உணவு வங்கிகள் பெரும்பாலும் கெடாத பொருளையே கேட்கும்: பருப்பு, அரிசி, டின் உணவு. பூசணியைக் கொண்டுபோகும் முன் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கதிர்ப் பொம்மையை விழா முடிந்ததும் என்ன செய்வது?

குளிர்காலம் முழுவதும் வீட்டில் தொங்கட்டும்: அடுப்புக்கு மேலே, நிலைக்கு மேலே, ஈரம் படாத இடத்தில். தானியத்தின் உயிர் அதில் தங்கியிருக்கிறது என்பது அதைச் சுற்றிய நம்பிக்கை. ஜனவரி 6-க்குப் பின் வரும் முதல் திங்கள் இங்கிலாந்தில் ஏர்த் திங்கள். அப்போது ஏரோட்டும் முதல் சாலில் பொம்மையைப் புதைத்ததாகச் சொல்வார்கள். இன்றைய பேகன்கள் சிலர் பிப்ரவரித் தொடக்கத்து இம்போல்க் விழாவில் அதை எரிக்கிறார்கள், சிலர் வசந்தத்தில் தோட்டத்து மண்ணில் இடுகிறார்கள். எதுவானாலும் முதலில் நாடாவையும் நூலையும் அவிழ்த்துவிடுங்கள். கதிரில் மணி இருந்தால் சிலவற்றை உதிர்த்து ஒரு தொட்டியில் விதையுங்கள். உறைபெட்டியில் வைத்தெடுத்திருந்தாலும், நன்றாக உலர்ந்த மணி முளைக்கும்.